பின்னேர வகுப்பின் விலை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஏழைப் பிள்ளைக்காக உண்டாக்கப்பட்டது. ரியூசனைப் பற்றி எதைச் சொல்வதானாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளையை 'கொலசிப்' வகுப்புக்குக் கொண்டுபோய் விடுகிற இன்றைய தாய் தகப்பனிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காசு செலவழிக்கக்கூடியவர்கள் தங்கள் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்கிற சோதினை என்றுதான் அவர்கள் அதை அறிந்திருக்கிறார்கள். என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி வடமராட்சியில் ஐந்தாம் வகுப்பிலேயே கழிந்தது. ஒரு நல்ல ஏற்பாடு கைமாறிப்போனதை அந்த வகுப்பறையில் இருந்தபடி பார்த்தவள் நான். எந்த வழியால் கைமாறியது என்பதையாவது எழுதிவைக்க வேண்டும்.

இந்தப் பரீட்சைக்கு வழி திறந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1884இல் அம்பலாங்கொடைப் பக்கத்தில் பிறந்தவர். அங்கிருந்த வெஸ்லியன் பாடசாலையின் பரிசளிப்புக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் வந்திருந்தார். பரிசுக்கு மேல் பரிசு வாங்கிய ஒரு பையன் அவர் கண்ணில் பட்டான். அந்தப் பையனுக்கு ரிச்மண்டில் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. கன்னங்கரா படித்து வழக்கறிஞரானது அப்படித்தான். 1931இல் அரசாங்க சபை வந்தபோது அவர் கல்வி மந்திரியானார், 1947 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரு அதிபரின் கண்ணில் பட்டதால் உயர்ந்த மனிதர், எவர் கண்ணிலும் படாமல் ஊரோடு கிடந்த பிள்ளைகளுக்கு ஒரு வழி தேடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அவருடைய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் வாங்கக் கூடாது என்று அது சொன்னது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இந்தக் காலப்பகுதியில் வந்ததுதான் மத்திய பாடசாலைத் திட்டம். நகரத்து மிஷன் கல்லூரிகளில் இருந்த ஆய்வுகூடமும் நூலகமும் விளையாட்டுத் திடலும் கிராமப்புறத்திலும் இருக்க வேண்டும் என்று நாடு முழுவதும் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சோதினை வைத்துத் தெரிந்தெடுத்து, விடுதியும் சாப்பாடும் கொடுத்து அங்கே படிக்க வைத்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சையின் பிறப்பு இதுதான். எங்கள் பக்கத்தில் தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்கு வேலணை மத்திய கல்லூரி வந்தது.

யாழ்ப்பாணத்தில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்று உணர்வது கடினம். 1816இல் அமெரிக்க மிஷன் வந்ததிலிருந்தும், 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்தும் பள்ளிக்கூடங்களுக்குப் பெயர்போன ஊர் இது. ஆனால் ஆங்கிலப் படிப்புக்குக் கட்டணம் இருந்தது. அதோடு, யார் எங்கே இருந்து படிக்கலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களோடு வாங்கில் சமமாக இருக்கலாம் என்று கல்வித் திணைக்களம் உத்தரவிட்டபோது, 1930இல் இங்கே பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், பெயரைப் பார்க்காமல் சுட்டெண்ணை மட்டும் பார்த்துத் திருத்தப்படுகிற ஒரு விடைத்தாள் எவ்வளவு பெரிய நீதி! அந்த விடைத்தாளின் மேல் எனக்கு உள்ள மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அந்தக் காலத்திலும் மேலதிக வகுப்பு இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரியூசன் என்பது நேற்று வந்த நோய், முன்பெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே படித்துச் சித்தியடைந்தார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது உண்மையில்லை. 1960களின் நடுவில் நான் அந்தச் சோதினை எழுதியபோது, எங்கள் பெரிய வாத்தியார் பின்னேரம் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு வருவார். பொழுதுபடும் நேரம் பெற்றோமாக்ஸ் கொளுத்தப்படும். கரும்பலகையில் பத்துக் கணக்கு எழுதிவிட்டு வாங்குகளுக்கு நடுவில் நடப்பார். யார் முதலில் முடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க மாட்டார். யார் எந்தப் படியில் தடக்குப்பட்டார்கள் என்பதைத்தான் பார்ப்பார். ஒரு பிள்ளையின் கொப்பியில் பிழையைக் கண்டால் சிவப்பு மையால் வெட்டாமல், பிழை தொடங்கிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் வீட்டுக்கு வீடு முறைவைத்து வரும். சில நாளில் யாராவது ஒரு தாய் புழுக்கொடியல் கொடுத்துவிடுவார். காசு என்ற பேச்சே இல்லை. தோட்டக்காரரின் பிள்ளை, மேசனின் பிள்ளை, கடலுக்குப் போகிறவரின் பிள்ளை எல்லோரும் அங்கே இருந்தோம். சோதினை எழுதப்போகிற ஒருவரும் வெளியில் நிற்கவில்லை. அவர் எங்களைப் பயிற்றினார் என்பதில் சந்தேகமே இல்லை. பழைய வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பிச் செய்வித்தார். இன்று ரியூட்டரியில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. அது பள்ளிக்கூடத்தின் கடமைக்குள் நடந்ததால் அநியாயமாக இருக்கவில்லை.

அந்தப் பின்னேர வகுப்பு பள்ளிக்கூடப் படலையைத் தாண்டி வெளியே போனதற்குப் பல காரணங்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஹாட்லிக் கல்லூரி, யாழ் இந்துக் கல்லூரி, வேம்படி போன்ற பெயர்பெற்ற பள்ளிகள் அரசாங்கப் பள்ளிகளாயின. அது நல்லதுதான். ஆனால் காலப்போக்கில் அந்தப் பள்ளிகளின் ஆறாம் வகுப்பு வாசல் இந்தப் பரீட்சைக்குத் திறந்தபோது, பரீட்சையின் சுபாவமே மாறிவிட்டது. மத்திய பாடசாலை விடுதிக்குப் போக ஒரு டொக்டரின் பிள்ளைக்கு ஆசை வராது. ஹாட்லிக்குப் போக வரும். உதவி தேடுகிற பிள்ளையும் இடம் தேடுகிற பிள்ளையும் ஒரே வினாத்தாளை எழுதத் தொடங்கினார்கள்.

அதே 1961ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பள்ளிக்கூடம் தொடங்குவதையும் தடுத்தது. வேறு நாடுகளில் பள்ளிக் கட்டணமாகப் போகிற காசு இங்கே போவதற்கு இடமில்லாமல் நின்றது. ரியூட்டரி நடத்துவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. காசு அந்தப் பக்கம் திரும்பியது. பள்ளிக் கட்டணத்தை ஒழித்த நாட்டில் கட்டணம் பின்னேரத்துக்கு இடம்மாறியது என்பதே என் கணிப்பு.

பிறகு 1970கள் வந்தன. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 400க்கு 250 புள்ளியும் சிங்களமொழி மாணவருக்கு 229 புள்ளியும் குறைந்தபட்சமாக வைக்கப்பட்டன. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. கோட்டாவால் மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்கும் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கும் வாசல் திறந்தது என்பதை யாழ்ப்பாணத்தவர்கள் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யாழ்ப்பாண வீடுகளில் அது உண்டாக்கிய பயம் பெரியது. ஒவ்வொரு புள்ளிக்கும் உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற மனநிலை அப்போதுதான் பிறந்தது. யாழ்ப்பாண நகரத்திலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் உயர்தர வகுப்புக்கான ரியூட்டரிகள் முளைத்தன. கிடுகால் வேய்ந்த நீளமான கொட்டில், பக்கச் சுவர் கிடையாது, நெருக்கி அடுக்கிய வாங்கு, முன்னால் கரும்பலகை, வெளியில் வரிசையாகச் சாய்த்து வைத்த சைக்கிள்கள். பள்ளிக்கூடத்தில் பெயர்பெற்ற கணித ஆசிரியர் பின்னேரம் அங்கே நிற்பார்.

உயர்தரத்துக்கு வந்த கொட்டில் சாதாரணதரத்துக்கு இறங்கியது. அங்கிருந்து எட்டாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று இறங்கி, கடைசியில் ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் கால் நிலத்தில் முட்டாத உயரத்து வாங்கில் இருந்து 'மாதிரி வினாத்தாள்' செய்வதை 1980களில் நான் முதன்முதலில் பார்த்தேன்.

போர்க்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கொட்டில்களைக் குறைசொல்வது பாவம். 1990இலிருந்து பல வருடம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறையே படித்தது. பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாக மாறிய வாரங்களில் ரியூட்டரிக் கொட்டில்தான் திறந்திருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, எங்கள் ஊரில் மரநிழலில் வகுப்பு வைத்த ரியூசன் வாத்திமார் பலர் காசு வாங்கவில்லை. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். போர் முடிந்து கொட்டில்கள் சீமெந்துக் கட்டடங்களாக, ஒலிபெருக்கியோடு எழுந்தபோது அந்தக் காசு வாங்காத பழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

இனி வினாத்தாளுக்கு வருகிறேன். இதன் முதலாவது பகுதியில் 40 தெரிவு வினாக்கள். அவற்றில் பல, பிள்ளையின் இயல்பான நுண்ணறிவை அறிவதற்கென்று வைக்கப்படுபவை. படிப்பித்துக் கொடுக்காததைக் கேட்டால்தான் ஏழை பணக்காரன் என்ற வித்தியாசம் தெரியாது என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். கன்னங்கரா திட்டம் உருவான அதே காலத்தில், 1944ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் பதினொரு வயதுப் பிள்ளைகளை இப்படித்தான் பிரித்தார்கள். பயிற்சி கொடுத்தால் நுண்ணறிவுப் புள்ளியும் ஏறும் என்று அங்குள்ள உளவியலாளர்கள் 1950களிலேயே காட்டிவிட்டார்கள். எங்கள் வகுப்பறையில் அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

ஒரு மாதிரி வினாத்தாளில் கண்ணாடியில் தெரிகிற கடிகாரம் ஒன்று இருந்தது. இலக்கம் இல்லை, முட்கள் மட்டும். கண்ணாடியில் 3.40 காட்டுகிறது, உண்மையான நேரம் என்ன? ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. 11.60இலிருந்து 3.40ஐக் கழித்தார்கள். 8.20. மூச்சு விடுவதற்குள் அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்கள். 'ஏன் 11.60?' என்று பிறகு கேட்டேன். 'சேர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவர் ரீச்சர்' என்றார்கள்.

பின்வாங்கில் ஒரு பையன். தகப்பன் கடலுக்குப் போகிறவர், ரியூசன் கிடையாது. அவன் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு எழும்பி யன்னலடிக்குப் போனான். தாளைத் திருப்பி, பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். தாளின் பின்புறமாகப் பார்த்தால் கண்ணாடிப் படம் நேராகிவிடும் அல்லவா! 8.20 என்று எழுதினான். அந்த வகுப்பில் அந்த வினாவுக்கு உண்மையில் நுண்ணறிவைப் பாவித்தது அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கும் அவனுக்கும் ஒரே புள்ளி. ஆனால் எழும்பிப் போய் வந்த நேரத்தில் அவனுக்குக் கடைசி நாலைந்து வினாக்கள் தவறிவிட்டன. உண்மையான சோதினை மண்டபத்தில் எழும்பவும் விட்டிருக்க மாட்டார்கள். கெட்டிக்காரனைக் கண்டுபிடிக்க வைத்த கேள்வி, அந்தக் கெட்டிக்காரனுக்கே தண்டனை கொடுத்தது. ரியூசன் நியாயமா இல்லையா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்தப் பையனைத்தான் சொல்வேன்.

நாடு முழுதும் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து, பதினாறு பேர்தான். தாண்டுகிறவர்களில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப்பணம் நெடுங்காலம் மாதம் 500 ரூபாயாக இருந்தது, பிறகு சில ஆண்டுகள் 750 ஆக இருந்தது. அந்த உதவிப்பணத்தைப் பெறுவதற்கு ஒரு கூலித் தொழிலாளி அதைவிடப் பல மடங்கு காசை இரண்டு வருடமாக மாதாமாதம் ரியூசனுக்குக் கட்டுகிறார். உதவிக்காக வைத்த பரீட்சைக்கு உதவி தேவைப்படுகிறவரே முதல் போட வேண்டியிருக்கிறது.

இதைவிட எனக்கு நெஞ்சில் நோவது இன்னொன்று. பகலில் தன் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளையே பின்னேரம் காசுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் உண்டு. என்னோடு வேலை செய்தவர்களிலும் இருந்தார்கள். காலையில் பாதி சொல்லி, 'மிச்சம் பின்னேரம்' என்று நிறுத்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சம்பளம் போதாது என்பது உண்மை. ஆசிரியர் சம்பளம் எந்தக் காலத்திலும் போதுமானதாக இருந்ததில்லை. எங்கள் பெரிய வாத்தியாருக்கும் அது போதவில்லை, அவருக்கும் நாலு பிள்ளைகள். ஒரு தாய் என்னிடம் வந்து, 'ரீச்சர், நாங்கள் காசு கட்டாட்டி பிள்ளை பாஸ் பண்ணமாட்டானோ?' என்று கேட்டார். பக்கத்து வகுப்புப் பிள்ளையின் தாய் அவர். பாஸ் பண்ணுவான் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'நாளையிலிருந்து பள்ளி விட்டாப்பிறகு அவனை என்ரை வகுப்பிலை விடுங்கோ' என்றேன்.

மலைநாட்டுத் தோட்டப் பள்ளிக்கூடங்களை நினைத்தால் எங்கள் குறை சிறிதாகிவிடும். தோட்டத் துரைமாரின் கையில் இருந்த அந்தப் பள்ளிகள் அரசாங்கத்தின் கீழ் வரவே 1970களில்தான் வழி பிறந்தது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்துப் படிப்பித்த இடங்கள் அவை. அங்கே லயத்திலிருந்து பஸ் ஏறி ரவுணுக்கு ரியூசன் போக வேண்டுமென்றால், ஒரு தாய் கொழுந்து பறித்த அரை நாள் சம்பளம் போக்குவரத்துக்கே போய்விடும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறாக வைக்கப்படுவது அதனால்தான். அந்த வேறுபாடு நியாயமானது. ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் ரவுண் பிள்ளைக்கும் தோட்டப் பிள்ளைக்கும் இடையே இருக்கிற தூரத்தை எந்த வெட்டுப்புள்ளியும் கணக்கெடுப்பதில்லை.

பரீட்சையை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடங்கள் இப்படி ஏறியும் இறங்கியும் இருக்கும்வரை, ஆறாம் வகுப்பு இடத்துக்கு ஒரு வழி இருந்தே தீரும். விடைத்தாள் போனால் அந்த இடத்துக்கு நன்கொடையும் செல்வாக்கும் வரும். அப்போது யன்னலடிக்குப் போன அந்தப் பையனுக்கு ஒரு கதவும் இருக்காது.

ரியூசனைத் தடைசெய்வதும் பலமுறை பேசப்பட்டது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் தடைசெய்கிறது. மீறினால் 1968ஆம் ஆண்டுப் பரீட்சைச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை. 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மாதக்கணக்கில் பெறுபேறு இல்லாமல் பத்து வயதுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்தச் சில வினாக்களுக்காக நாடே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். இரண்டு வருடம் முழுதும், வினா வகை ஒவ்வொன்றாக, காசு கட்டியவருக்கு மட்டும் முன்கூட்டியே காட்டப்படுவதைப் பற்றி யாரும் நீதிமன்றம் போனதில்லை.

கடைசி நாலு நாளைத் தடைசெய்ய முடிகிற அரசாங்கத்துக்கு மற்ற நாட்களில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நாலாம், ஐந்தாம் வகுப்பு உள்ள ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் வகுப்பை அரசாங்கமே வைக்கட்டும். வருகிற ஆசிரியருக்கு அந்த மணித்தியாலத்துக்கான கொடுப்பனவைத் திறைசேரி கொடுக்கட்டும். தன் வகுப்புப் பிள்ளையிடம் எந்த ஆசிரியரும் காசு வாங்கக் கூடாது என்பதை அதற்குப் பிறகு சட்டமாகப் போடலாம், அப்போது அது நியாயமான சட்டமாக இருக்கும். எங்கள் ஊரில் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற காசில் சனசமூக நிலையத்தில் இப்படி ஒரு வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முறைவைத்துப் போகிறோம், செவ்வாயும் வியாழனும் என் முறை. வெளிநாட்டில் பழைய மாணவர் இல்லாத ஊர்களும் இருக்கின்றன, தோட்டங்களும் இருக்கின்றன. அங்கே இதைச் செய்ய வேண்டியது கல்வி அமைச்சுத்தான். வலயக் கல்விப் பணிமனைக்கு இதை நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.